ரத்தத்தில் இரண்டு மாத்திரை

அப்பா பகலெல்லாம் தூங்குகிறார் என்று தம்பி ஃபோனில் சொன்னதை அக்காவால் நம்ப முடியவில்லை. அப்பா அப்படித் தூங்குகிற ரகமில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிர் இருக்கைக்காரன் கண்ணை மூடினால் நடிக்கிறான் என்றே நினைத்துப் பழகியவர்.

சில வருடங்களாக அவருக்குக் கைகால்கள் தாமாக ஆடும் நோய். உட்கார்ந்த இடத்திலேயே தோள் குலுங்கும், விரல்கள் காற்றில் எதையோ தேடும். மூன்று வேளையும் மாத்திரை போட்டால் ஆட்டம் அடங்கும், அளவு கூடினால் தூக்கம் அமுக்கும். அவர் இருப்பது தம்பி வீட்டில், மாத்திரை கொடுப்பது தம்பி மனைவி. வீட்டிலிருந்தபடி திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள்.

சென்ற மாதம் மருத்துவர் மாத்திரையை மாற்றினார். புதியதும் அதே மருந்துதான். ஆனால் அதில் சில ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாகக் கனமான ஹைட்ரஜன் இருக்கும். கனமான அணு கார்பனை லேசில் விட்டுப் பிரியாது. கல்லீரலின் நொதி அதை வெட்டிப்போட அதிக நேரம் எடுக்கும், மருந்தும் ரத்தத்தில் நின்று நிதானமாக வேலை செய்யும். அதனால் மூன்று வேளை, இரண்டு வேளையானது. மருத்துவமனை ஆய்வகத்தில் மருந்தின் அளவு பார்க்கிற அக்காவுக்கு இதெல்லாம் அத்துப்படி. அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனாள். அப்பா நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தொந்தரவு இல்லாமல் வேலை நடக்கட்டும் என்று தூங்க வைக்கிறாளோ?

"நேத்து எத்தனை மாத்திரை குடுத்தே?"

"ரெண்டு அண்ணி. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"பழசு மிச்சம் இருந்துச்சே?"

"குப்பையில போட்டுட்டேன். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா கேட்டவள் போகும்போது குப்பைக் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்பாவின் தூக்கத்தைப் பற்றிக் கேட்டதும் மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதினார். சொந்தக்காரர்களின் ரத்தத்தை வேறொருவர் பார்க்க வேண்டும் என்பது ஆய்வகத்தின் விதி. அக்கா யாரிடமும் கொடுக்கவில்லை. அங்குள்ள கருவி மூலக்கூறுகளை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும். பழைய மருந்தும் புதிய மருந்தும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. எடையில் மட்டுமே வித்தியாசம். திரையில் கனமான மருந்துக்கு உரிய கோடு எழும்பியது. கூடவே இருக்கக்கூடாத இடத்தில் லேசான மருந்தின் கோடும் எழும்பியது.

கனமானது உடம்புக்குள் போய் லேசாக மாறாது. லேசானதோ சீக்கிரம் சிதைந்துவிடும், போன மாதத்து மிச்சமாக இருக்க வழியில்லை. நேற்றோ இன்றோ விழுங்கியதுதான். இரண்டும் சேர்ந்தால் மனிதர் தூங்காமல் என்ன செய்வார்?

அன்று மாலையே தம்பியை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பழைய மாத்திரையையும் சேத்துக் குடுத்திருக்கே."

தம்பி மனைவி மெஷினை நிறுத்தினாள். "நான் குடுக்கல."

"அப்ப ரத்தத்துக்குள்ள எப்படி வந்துச்சு? ஆகாசத்துல இருந்து குதிச்சுதா?"

"வாராவாரம் நீங்களும்தான் பழச்சாறு கொண்டாந்து மாமாவுக்குக் குடுக்கறீங்க. அதுல என்ன இருக்குன்னு நான் என்னைக்காவது கேட்டேனா அண்ணி?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தம்பி தன் மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாளைல இருந்து நான் இங்கயே இருந்து குடுக்கறேன்" என்றாள் அக்கா.

விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். காலை மாத்திரையைத் தன் கையாலேயே கொடுத்தாள். மதியம் அப்பா கண் விழித்து, "கொஞ்சம் வெந்நீர் கொண்டா" என்றார். கெட்டிலில் ஏற்கெனவே வெந்நீர் இருந்ததால் போன சுருக்கில் திரும்பினாள்.

அவர் மடியில் பழைய சீருடைக் கோட்டு கிடந்தது. ஆடும் விரல்களால் ஒரு மாத்திரை அட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். மாத்திரை தெறித்துத் தரையில் உருண்டது. அதைக் காலால் மறைக்கப் பார்த்தார். காலும் ஆடி, இடம் தவறிப் பதிந்தது.

"என்னப்பா அது?"

"மதிய மாத்திரை."

"மதியத்துக்கு மாத்திரையே கிடையாதேப்பா."

"அதான் கேக்கறேன், ஏன் கிடையாது? நோய் அப்படியே இருக்கு, மாத்திரை மட்டும் கொறையுது. கேட்டா, 'இது உடம்புல ரொம்ப நேரம் நிக்கும் மாமா'ங்கறா. டிக்கெட் அடுத்த பெட்டில மச்சான்கிட்ட இருக்குன்னு சொன்னவனையெல்லாம் பாத்தவன் நான். அவ தூக்கிப் போடறதுக்கு முன்னாடியே நாலு அட்டையை எடுத்துக் கோட்டுக்குள்ள வெச்சுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீதானே ஃபோன்ல சொன்னே, 'அவ என்ன குடுக்கறான்னு ஒரு கண்ணு வெச்சுக்குங்கப்பா'ன்னு. வெச்சேன்."

அக்கா வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தாள். அடுத்த அறையில் மெஷின் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஸ்டேஷன் வாசல் ஒண்ணுதான்னு வெச்சுக்குங்கப்பா" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "கைவீசிட்டு வர்றவங்க மளமளன்னு வெளிய போயிடுவாங்க. ஆளுக்கொரு கனமான பெட்டியோட வந்தா?"

"வாசல் அடைச்சுக்கும். பிளாட்ஃபாரம் காலியாக நேரமாகும்."

"புது மாத்திரை பெட்டியோட வர்ற ஆளு. அதான் ரெண்டு வேளையே போதும்."

அப்பா யோசித்தார். "அப்ப அவ சொன்னது நெசந்தான்."

"நெசந்தான்."

கோட்டின் உள்பையிலிருந்து மீதி அட்டைகளை எடுத்து நீட்டினார். "அவகிட்ட நீயே சொல்லிடு."

தம்பி மனைவி துணிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அக்கா வாயைத் திறக்கும் முன்பே, "கேட்டுச்சு" என்றாள்.

"தப்பு என் மேலதான். மனசுல வெச்சுக்காதே."

"வெச்சுக்கல அண்ணி. ஆனா இனிமே மாத்திரையை நான் தொடமாட்டேன். உங்க தம்பி குடுக்கட்டும். நாளைக்கு மாமா தும்மினாக்கூட என் கையைத்தான் பாப்பீங்க."

அக்கா கையிலிருந்த பழைய அட்டைகளைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதன்பின் தம்பி வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் மாத்திரை கொடுத்தான். அப்பா பகலில் விழித்திருந்தார். அட்டையைக் காட்டு என்று மகனையும் விடாமல் கேட்டார்.

அடுத்த ஞாயிறும் அக்கா போனாள். தேநீர் வந்தது. தம்பி மனைவி கோப்பையைக் கையில் தராமல் மேசைமேல் வைத்துவிட்டு, "குடிங்க அண்ணி" என்று நின்றாள். அக்கா கோப்பைக்குள் எட்டிப் பார்க்காமல், சூடு ஆறவும் காத்திராமல், அவள் கண்ணெதிரிலேயே முழுவதையும் குடித்து முடித்தாள்.