கோணல் பாக்கெட்

ரியோஹெய்யின் பழைய ராணுவ ஜாக்கெட்டைத் தோமோயோ பிரித்துப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவனிடமிருந்து போன் வந்துவிட்டது.

பிரித்தது ஒன்றும் குற்றமில்லை. உடுப்பு தைப்பதே பிழைப்பான கொஜிமா ஊரில் எல்லோரும் அப்படித்தான். பட்டாளத்து உடுப்பையோ, கப்பல் கட்டும் தொழிலாளியின் மேல்சட்டையையோ வைத்து, இன்றைக்குத் தெருவில் போடுகிற மாதிரி ஒன்றை வரைய வேண்டுமென்றால், தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, துண்டுகளைக் காகிதத்தில் வைத்துத்தான் அளவெடுப்பார்கள். மேலே டேப் வைத்து அளக்கிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். ஆனால் பிரித்தது பிரித்ததுதான். நைந்த துணி மறுபடி ஊசியைத் தாங்காது. தோமோயோ அதன் உடல்பகுதியைக் குட்டையாக்கி, தோளை அகலமாக்கி, வசந்த காலத்துக்கு ஒரு ஜாக்கெட் வரைந்துகொண்டிருந்தாள். நாலு வருஷமாக ஆணியில் தொங்குகிறது, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

கேட்டேவிட்டான்.

"என்னோட அந்த ஜாக்கெட் இருக்குல்ல? டோக்கியோவுல கடை திறக்கிறேன். சுவத்துல அதைத்தான் மாட்டணும். இருபதாம் தேதி வர்றேன்."

"இருக்கு, வா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் பிரித்துப் போட்ட துண்டுகள் நினைவுக்கு வந்தன.

ஒன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்தே ஒரு சின்ன உடுப்பு பிராண்டை நடத்தி, பிறகு பிரிந்தவர்கள். துணியைப் பார்த்துத் தேடிப் பிடிப்பது அவன் வேலை, தைப்பது அவள் வேலை. இருட்டில் தொட்டே அசல் எது, நகல் எது என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வான் மகானுபாவன். அவள் தைத்த எதையும் ஒருநாளும் மெச்சியதில்லை. "அசலோட உயிர் இதுல இல்லியே" என்பான். ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கி ஏங்கியே அவளுடைய முப்பதுகள் தீர்ந்தன.

அதனால்தான் நகல் தைக்க உட்கார்ந்தாள். ஏமாற்றுவதற்கு அல்ல. தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடிப்பான், யார் தைத்தது என்று கேட்பான். அப்போது சொல்லலாம், உட்கார்ந்து பேசலாம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லலாம். நாலு வருஷமாக ஒற்றைக் கிண்ணம் கழுவுகிறவளுக்கு இவ்வளவு ஆசைகூட வரக்கூடாதா என்ன?

விற்காமல் கிடந்த பழைய ராணுவத் துணியைத் தேடி வாங்கினாள். ஜிப், பித்தான், லேபிள் எல்லாவற்றையும் அசலிலிருந்தே எடுத்துக்கொண்டாள். இடது மார்புப் பாக்கெட்தான் பாடாய்ப் படுத்தியது. அந்தக் காலத்தில் தைத்த எவளோ அவசரத்தில் மூன்று மில்லிமீட்டர் கோணலாக வைத்திருந்தாள். தோமோயோவின் கைக்கோ நேராகத்தான் போகத் தெரியும். ஐந்து தடவை பிரித்தாள். ஆறாவது தடவை பாராமல் மெஷினை விரட்டினாள். கோணல் வந்தது.

சாயம் வெளுக்கிற பட்டறையில் தோழி ஹிசாகோ அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அடியே, விட்டுட்டுப் போனவனுக்காக இதை வெளுக்கிறதுக்கு, அன்னிக்கே அவனைப் பிடிச்சு நாலு வெளு வெளுத்திருக்கலாம்டி!" ஆனாலும் காலரிலும் முழங்கையிலும் உப்புத்தாள் தேய்த்து அச்சு அசலாகப் பழசாக்கித் தந்தாள்.

இருபதாம் தேதி மத்தியானம் ரியோஹெய் வந்தான். கையில் ஸ்டேஷனில் வாங்கிய இனிப்புப் பெட்டி. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான். தான் ஒன்பது வருஷம் இருந்த வீட்டில்!

ஜாக்கெட்டை நீட்டினாள். தடவினான், காலரை முகர்ந்தான், போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பினான். அவள் மூச்சு விடவில்லை.

"ஆஹா, இதுதான்! தோமோயோ, இந்தப் பாக்கெட்டைப் பாரு. என்னமாக் கோணிக்கிட்டு நிக்குது! எந்தக் கொம்பனாலும் இப்படித் தைச்சிட முடியாது. எப்பேர்ப்பட்ட கை!"

தவமிருந்து கேட்க நினைத்த வார்த்தை, வேறு யாருக்கோ போய்விட்டது.

"அது நான் தைச்சது" என்றாள்.

சிரித்தான். "சும்மா இரு. நீ நூல் பிடிச்ச மாதிரி தைக்கிற ஆளு. இது வேற கை. எனக்குத் தெரியாதா?"

"நிஜமாத்தான் சொல்றேன். அசலைப் பிரிச்சிட்டேன்."

"என் ஜாக்கெட்டையா? நீயா? உனக்கு மனசே வராது, போ."

மாடியில், வெட்டு மேசைமேல் அசல் துண்டு துண்டாகக் கிடந்தது. கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டியிருக்கலாம், பதினாலு படிதான். ஆனால் கூடவே இருந்தவனுக்குத் தன் கையை அடையாளம் காட்டச் சாட்சி வேறு வேண்டுமா? அவள் படியேறவில்லை.

"டீ போடட்டுமா?"

"ரயிலுக்கு நேரமாச்சு. பத்திரமா வச்சிருந்ததுக்கு ரொம்ப நன்றி" என்று இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான், வாடிக்கையாளருக்குக் கடைக்காரன் குனிகிற மாதிரி.

ஜாக்கெட்டைப் போட்டபடியே நடந்தான். தெருமுனை திரும்பும்வரை தோமோயோ பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் அருமையாக விழுந்திருந்தது. முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. பக்கத்தில் யாராவது இருந்தால், நான் தைத்தது என்று சொல்லியிருப்பாள்.