கேசவன் விட்ட இடம்

பீளமேட்டு மில்லில் வாரமெல்லாம் மேஸ்திரியாக நின்ற சென்னகேசவன், சனிக்கிழமை சாயங்காலமானால் கோட்டை மாட்டிக்கொண்டு போத்தனூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுக்குக் கிளம்பிவிடுவான். ரயில்வேக்காரர்கள் பொழுதுபோக்கக் கூடும் அந்த மன்றத்தில், நடனத்துக்கு ஜாஸ் வாசிக்கும் குழுவில் அவனுக்கு சாக்ஸபோன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோனது. அந்த வருஷமே அதே குழுவில் பியானோ வாசித்த டோரா டீச்சரும் மாரடைப்பில் போய்விட்டாள்.

கேசவனுக்கு வருஷ திதி கொடுத்து முடித்த மறுவாரம், குழுவின் டிரம்ஸ்காரர் பஷீர் அவன் மனைவி அம்புஜத்தைத் தேடி வந்தார்.

"அக்கா, வர்ற சனிக்கிழமை கேசவண்ணனுக்கும் டோரா டீச்சருக்கும் சேர்த்து ஒரு கச்சேரி வெச்சிருக்கறமுங்க. அழுகாச்சியெல்லாம் இல்லீங்க. ஆடிப்பாடித்தான் அவங்கள நெனைக்கோணும்னு நம்ம டிரம்பெட் லாரன்ஸ் சொல்லிப்போட்டாரு. நீங்க வந்தே ஆகோணும்."

அம்புஜம் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கோபாலசாமி குரல் கொடுத்தார். அவர் கேசவனின் அண்ணன். அவள் பாவா என்று கூப்பிடுவாள்.

"டான்ஸ் ஆடற எடத்துக்கு நம்மூட்டுப் பொம்பளைங்க போறதா? திதிதான் கொடுத்தாச்சே, அம்மணி."

"திதி கொடுத்தது இந்த ஊட்டு மகனுக்குங்க, பாவா. சாக்ஸபோன்காரருக்கு இன்னும் ஆரும் ஒண்ணும் செய்யலீங்களே."

கோபாலசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்படின்னா நானும் வாரேன்" என்றார். காவலுக்கு வருகிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

கேசவனின் வாசிப்பை அவருக்கு எப்போதுமே பிடித்ததில்லை. வீட்டுக்குள் ஊதக்கூடாது என்று அவர் சொன்னதால்தான் கேசவன் கொல்லைப்புறத்துக்குப் போனான். அங்கே அம்புஜம் ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருப்பாள். குழவி சுற்றுகிற கதிக்கு அவன் ஊத ஆரம்பிப்பான். ஜாஸில் பாட்டு நடுவே ஓர் இடம் வரும். அங்கே ஆளுக்கு ஆள் மனசில் தோன்றியதைச் சொந்தமாக வாசிப்பார்கள். அப்படித் தோன்றியது கேசவனுக்கு மறுநாள் மறந்துபோகும். "நேத்து என்னமோ நல்லா வந்துச்சே, என்னடி அது?" என்பான். கையை மாவிலிருந்து எடுக்காமல் அவள் முனகிக் காட்டுவாள். "அதேதான்!" என்று குதிப்பான். இன்ஸ்டிட்யூட்டில் புதிதாக ஏதாவது வந்துவிட்டால், வீடு திரும்பியதும் அதையும் கொல்லையில் அவளுக்கு ஒருதரம் ஊதிக் காட்டுவான்.

சனிக்கிழமை மாலை இன்ஸ்டிட்யூட் கூடத்தில் கலர்க் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். கவுன் போட்ட பெண்கள், கொடி காட்டி ரயில் விடும் கார்டுகள், கேசவனோடு வேலை பார்த்த மில்காரர்கள் என்று நாற்காலி போதவில்லை. பியானோவின் மேல் இரண்டு படங்கள். கோபாலசாமி முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

ரயில் எஞ்சின் ஓட்டும் லாரன்ஸ் கையில் டிரம்பெட்டோடு மேடையேறினார்.

"வெள்ளகோவில் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எங்களைக் கூப்பிட்டாங்க. வண்டியில காங்கேயம் காளை. நம்ம கேசவன் ஒரு உச்சஸ்தாயி புடிச்சான் பாருங்க, காளை ரெண்டும் மாப்பிள்ளையோட பிச்சுக்கிட்டு ஓடுது! மண்டபத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டிப் போயிடுச்சு. இவன் வாசிக்கிறதை நிறுத்தல. வண்டி பின்னாடியே ஓடிக்கிட்டு வாசிக்கிறான். 'ஏண்டா'ன்னு கேட்டா, 'மண்டபம் வரைக்கும் வாசிக்கறேன்னு சொல்லிட்டேன், மாப்பிள்ளை இன்னும் மண்டபத்துக்குப் போகலியே'ங்கறான்!"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. கோபாலசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத எங்கிட்ட அவன் சொன்னதே இல்லியே, அம்மணி" என்றார். "நீங்க கேக்கலீங்களே, பாவா" என்று அம்புஜம் மெதுவாகச் சொன்னாள்.

வாசிப்பு தொடங்கியது. டோராவிடம் படித்த ஒரு பெண் பியானோவில் உட்கார்ந்திருந்தாள். கேசவனுக்குப் பிடித்த மெட்டு. பாதியில் லாரன்ஸ் டிரம்பெட்டை இறக்கி, "இந்த இடம் கேசவனோடது. நாங்க யாரும் தொட மாட்டோம். சும்மா இருக்கட்டும்" என்றார். எல்லாரும் நிறுத்தினார்கள். பஷீரின் டிரம்ஸ் மட்டும் மெல்ல ஓடியது.

அம்புஜம் எதையும் நினைத்துச் செய்யவில்லை. காலியாகக் கிடந்த அந்த இடத்தைக் கேட்டதும் தொண்டை தானாக அசைந்தது. சொல் இல்லை, வெறும் முனகல். ஏறி, வளைந்து, சறுக்கி, மறுபடி ஏறியது. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க அக்கா!" என்று கத்திய பஷீர், மறுபடி அதே இடத்துக்குத் தாளத்தைக் கொண்டுவந்தார். அம்புஜம் பாவாவைப் பார்த்தாள். அவர் சரியென்று தலையை ஆட்டினார். எழுந்து நின்று, வாய்விட்டே பாடினாள். கேசவன் மூச்சு வாங்கும் இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள்.

முடிந்ததும் லாரன்ஸ் மேடையிலிருந்து குதித்தே இறங்கினார். "மிசஸ் கேசவன்! இது ஒரு கிறிஸ்மஸ் டான்ஸ்ல அவன் வாசிச்சது! மறுவாரம் கேட்டா மறந்துட்டேன்னு சொன்னான். இனிமே கேக்கவே முடியாதுன்னு நெனைச்சேன்!"

"அவருதானுங்க மறந்தாரு" என்றாள் அம்புஜம். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்தது டோராவுக்கு. "ஊரே ஆடுது, நான் மட்டும் பியானோவுக்கு முன்னாடி உக்காந்திருக்கேன்" என்பது அவள் வாழ்நாள் முழுக்கச் சொன்ன குறையாம். அதனால் டோராவுக்காக இன்று யாரும் உட்காரக்கூடாது என்று உத்தரவு. கார்டு ஒருவரின் பெண்டாட்டி கோபாலசாமியின் கையைப் பிடித்து இழுத்தாள். கும்பிட்டுப் பார்த்தார், அவள் விடவில்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டி, இளவயதில் மாரியம்மன் திருவிழாவில் ஆடிய ஒயில் கும்மி அடியை எடுத்து வைத்தார். மில்காரர்கள் விசிலடித்துக்கொண்டு பின்னால் சேர்ந்துகொள்ள, கூடம் முழுக்க ஒயில் கும்மி சுற்றி வந்தது. பியானோவில் இருந்த பெண் அதற்கேற்ற மாதிரி வாசிப்பைத் திருப்பினாள்.

மறுமாதம் கூட்ஸ் ஷெட் குமாஸ்தா சுப்பையன் கேசவனின் சாக்ஸபோனை வாங்கிக்கொண்டு போனார். குழுவில் கேசவனின் இடத்துக்கு வந்தவர் அவர்; வயலினிலிருந்து இதற்கு மாறியிருந்தார். கேசவனின் பகுதிகளை அம்புஜம் பாட, அவர் வாசித்துப் பழகினார். சில நாட்களில் அவருக்கும் சொந்தமாக ஏதேதோ தோன்ற ஆரம்பித்தது. அதையும் அவள் மறக்காமல் வைத்துக்கொண்டாள்.

டிசம்பரில் கிறிஸ்மஸ் டான்ஸுக்கு நோட்டீஸ் அடித்தார்கள். வாசிப்பவர்கள் பெயருக்குக் கீழே, 'பாட்டு: திருமதி அம்புஜம் கேசவன்' என்று இருந்தது. பீளமேட்டு டீக்கடைச் சுவரெல்லாம் பசை தடவி அதை ஒட்டிக்கொண்டு போனவர் கோபாலசாமி.