மா ஏன் பொங்கேல்லை?

எனக்கு ஒரு விசயம் விளங்காட்டிச் சோறு இறங்காது. சின்னனில இருந்தே அப்பிடித்தான். மன்னார் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில இந்தச் செலீனாவின்ர பாலப்பம் எண்டால் சனம் விடியவே வந்து நிக்கும். அந்த அப்பம் திடீரெண்டு சப்பட்டையா வரத் தொடங்கினால் நான் சும்மா இருப்பனோ?

"என்ன செலீனா, அப்பம் சுடுறியோ, றொட்டி தட்டுறியோ?" எண்டு முதல் கேட்டது பஸ்தியாம்பிள்ளை அண்ணை. பஸ் டிப்போவில வேலை செய்யிற மனுசன், காலமை என்ர கடையில திண்டாத்தான் அவருக்கு வேலை ஓடும்.

"திண்டுபோட்டுப் பேசாமல் போங்கோ அண்ணை" எண்டனான். வாய்தான் அப்பிடிச் சொன்னது. மனம் கிடந்து அடிச்சுக்கொண்டது.

முதல் அரிசியில சந்தேகப்பட்டன். பாப்பாமோட்டையில இருந்து பச்சை அரிசி எடுப்பிச்சு, நானே இடிச்சன். பொங்கேல்லை. தேங்காயை மாத்தினன். பொங்கேல்லை. மாப்பானையைக் கொதிதண்ணியில அவிச்சுக் கழுவி, வெயிலில கவிட்டு வச்சன். கடைசியில, ஆரோ கண்ணூறு போட்டிட்டினம் எண்டு செத்தல் மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்பில போட்டன், இருமினதுதான் மிச்சம். ஒரு கழுதை வேற வாசலில நிண்டு எட்டிப் பாத்தது. "உனக்குத் தெரிஞ்சால் நீயாவது சொல்லு" எண்டு அதுக்கும் பேச்சு விழுந்தது.

மிச்சம் இருந்தது கள்ளு ஒண்டுதான். அப்பமாவைப் பொங்க வைக்கிறதே கள்ளுத்தானே. பின்னேரம் வாங்கி, மாவில விட்டுக் குழைச்சு மூடி வச்சால், விடியப் பானை நிறைஞ்சு நிக்கவேணும். ஆனால் கள்ளை நான் சந்தேகப்படேல்லை. ஏனெண்டால் என்ர மகன் ஜோன்சன் நாள்தோறும் வாய் வச்சுப் பாத்துத்தான் வாங்கிறவன்.

இதை வடிவாச் சொல்லவேணும். என்ர மனுசன் பெனடிக்ற் பதினைஞ்சு வயசில குடிக்கத் தொடங்கின ஆள். நல்ல மனுசன், பாவம். பின்னேரமானால் "நாக்குக் கேக்குது செலீனா" எண்டு சொல்லிச் சேட்டை மாட்டிக்கொண்டு குடிக்க வெளிக்கிடுவார். இந்தியாவில, மண்டபம் அகதி முகாமில இருக்கேக்க ஈரல் வீங்கி, மஞ்சளாகிச் செத்துப்போனார். சண்டை முடிஞ்சு நானும் மகனும் ஊருக்குத் திரும்பி வந்தவுடன நேர மடுக் கோயிலுக்குப் போய் மாதாவிட்ட நேர்த்தி வச்சனான். இனி என்ர நாக்கில கள்ளோ சாராயமோ ஒரு துளி படாது, என்ர பிள்ளையைக் காப்பாற்றித் தாரும் எண்டு.

பேந்து கடை போட்டன். கள்ளு நல்லதோ, புளிச்சதோ எண்டு ருசி பாக்காமல் மாவில விடேலாது. நான் வாய் வைக்கமாட்டன். அதாலதான் அவனைக் கள்ளுத் தவறணைக்கு அனுப்பேக்க, "ஒரு வாய் வச்சுப் பாத்து வாங்கு ராசா" எண்டு சொல்லிவிடுவன். அப்ப அவனுக்குப் பதினாலு. இப்ப பதினாறு.

அண்டைக்கும் போத்தலைக் கொண்டுவந்து வச்சான்.

"கள்ளு எப்பிடியடா?"

"சூப்பரா இருக்கும்மா." முகாமில வளந்த பிள்ளை, இன்னும் இந்தியத் தமிழ்தான். அதைச் சொல்லிச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில நக்கலடிப்பாங்கள் எண்டு அழுதிருக்கிறான்.

அப்ப சிங்கராசாதான் என்னவோ சுத்துமாத்துச் செய்யிறான் எண்டு எனக்கு விசர் பிடிச்சிட்டுது. தவறணைக்காரன் சிங்கராசா. போத்தலைத் தூக்கிக்கொண்டு ஒரே நடையாப் போனன். உள்ளுக்கிருந்த ஆம்பிளையள் எல்லாம் கிளாசை வச்சிட்டுப் பாத்தாங்கள்.

"தண்ணி கலந்த கள்ளைத் தந்து என்ர பிழைப்பைக் கெடுக்கிறியே, நீ நல்லா இருப்பியோ?"

"அக்கா, வாயை அளந்து கதையுங்கோ." சிங்கராசாவுக்குச் சுறுக்கெண்டு ஏறிட்டுது. தன்ர பானையில இருந்து ஒரு கிளாசில வாத்தான். என்ர போத்தலில இருந்து இன்னொரு கிளாசில வாத்தான். "ரெண்டையும் குடிச்சுப் பாருங்கோ. என்ர கள்ளில பிழை எண்டால் நாளைக்கே தவறணையை மூடுறன்."

நேர்த்தி நினைவு வந்தது. ஆனால் அறியாமல் திரும்பிப் போனால் எனக்கு நித்திரை வராது. மாதாவே, ஒருக்கா மன்னியும் எண்டு அவன்ர கிளாசில ஒரு வாய் வச்சன். சுள்ளெண்டு மூக்கில ஏறினது. பேந்து என்ர போத்தல் கள்ளு. நிறம்தான் கள்ளு, ருசி பச்சைத் தண்ணி.

தவறணைக்கும் என்ர குசினிக்கும் நடுவில இருக்கிறது ஒரே ஒரு ஆள்.

சிங்கராசா கதிரை ஒண்டைத் தள்ளிவிட்டான். "பெடியன் இங்க ஒரு கிளாஸ் அடிச்சுப் பாத்துத்தான் போத்தலை வாங்குவான். முந்தி ஒரு மிடறு, இப்ப ஒரு கிளாஸ். போத்தலில பாதியை வழியில முடிச்சிட்டுத் தண்ணி விட்டு நிரப்புறானாக்கும். அம்மா ருசி பாக்கச் சொன்னவ எண்டான். எனக்கு என்ன தெரியும்?"

"என்ன தெரியுமோ? தலைக்கு மேல போர்ட்டைத் தொங்கவிட்டிட்டு, என்ன தெரியும் எண்டு கேக்கிறாய்! இருபத்தொரு வயசுக்குக் குறைஞ்சாக்களுக்குக் குடுக்கக்கூடாது எண்டு எழுதியிருக்கே, உனக்குக் கண் பொட்டையோ?"

"அக்கா, சட்டப்படி பொம்பிளையளுக்கும் குடுக்கேலாது. அப்பத்துக்கு எண்டபடியால்தான் குடுத்தனான். நான் குடுத்தது பிழைதான். ஓம். ஆனால் அனுப்பினது ஆர்?"

போத்தலில கிடந்ததை வாசலில ஊத்திப்போட்டு வீட்டை நடந்தன்.

வீட்டை வந்தால் அவன் அடுப்படியில இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். அந்த முகத்தை அப்பத்தான் வடிவாப் பாத்தன். கண்மடல் ரெண்டும் வீங்கிக் கிடந்தது. இரவிரவாப் படிக்கிறான் எண்டு நினைச்சுப் பால் காய்ச்சிக் குடுத்தனான், கோதாரி. எங்கட வீடே கள்ளு மணம், அவன்ர வாய் மணத்தை எங்க பிரிச்சு அறிய? அரிசியையும் பானையையும் கழுதையையும் கேள்வி கேட்டனான். பிள்ளையை ஒரு கேள்வி கேக்கேல்லை.

"எப்ப இருந்தடா?"

துருவுறதை நிப்பாட்டாமல் சொன்னான். "நீங்க ருசி பாக்கச் சொன்னப்ப இருந்து. மொதல்ல புடிக்கலம்மா. துப்பிட்டேன். அப்புறம் புடிச்சிருச்சு."

அடிக்கக் கை ஓங்கினனான். ஓங்கின கை அப்பிடியே நிண்டுபோச்சு. ஆரை அடிக்கிறது?

அண்டைக்கே கள்ளை நிப்பாட்டினன். கடையில ஈஸ்ட் பக்கற் வாங்கி மாவில போட்டன். விடியப் பாத்தால், சொல்லி வேலையில்லை, பானை விளிம்பைத் தாண்டி மா பொங்கி வழிஞ்சு நிலத்தில கிடக்குது. பஸ்தியாம்பிள்ளை அண்ணை ஒரு அப்பத்தைத் திண்டுபோட்டு, "பொங்கியிருக்கு, ஆனால் ருசியில்லை" எண்டார்.

"ருசி பாத்தது போதும் அண்ணை" எண்டன். அந்தாள் ஒண்டும் விளங்காமல் முழிச்சார்.

பின்னேரம் ஜோன்சன் பள்ளிக்கூடத்தால வந்து, தேத்தண்ணி குடிச்சு, கணக்குக் கொப்பியை விரிச்சு வச்சுக்கொண்டு இருந்தான். தவறணைக்குப் போற நேரம் வந்தது. எழும்பினான், இருந்தான். வெறும் போத்தல் இருந்த மூலையைப் பாத்தான். பேனை பிடிச்ச கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னடா?" எண்டு கேட்டன். இந்தமுறை கேட்டன்.

"நாக்குக் கேக்குதும்மா."

தகப்பன் சாகேக்க அவனுக்குப் பத்து வயசு. அந்தச் சொல்லை அவனுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை. கொப்பியை மூடி வச்சிட்டு அவன்ர நடுங்கிற கையைப் பிடிச்சன்.

"நாளைக்குக் கடை இல்லை. ரெண்டு பேருமாய்ப் பெரியாசுப்பத்திரிக்குப் போறம். என்ன கேட்டாலும் நீ உள்ளதைச் சொல்லவேணும்."

"நீங்க?"

"நானும் சொல்லுவன், ராசா. நான்தான் குடுத்தனான் எண்டு."