சிவப்புச் சேலையும் ஒரு துளி மூளையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ நூலில் படித்த ஒரு வரியிலிருந்து பிறந்த கதை இது. நடுமூளையில், மெல்லிய நீர்த்தாரை ஒன்றைச் சுற்றி, கொஞ்சமே கொஞ்சம் சாம்பல் நிறச் சதை இருக்கிறதாம். அது மனம் வைத்தால் முதுகுத்தண்டுக்கு ஆள் அனுப்பி, வலி மேலேறும் கதவைச் சாத்திவிடுமாம். எனக்கு உடனே தூத்துக்குடிக் கடல்தான் ஞாபகம் வந்தது.

2

'1977. காலை வெயிலில் கடல் அழகாக—' வேண்டாம், அடித்துவிட்டேன். [கடல் எப்போதும் அழகாக இருந்து தொலைக்கிறது.]

சங்கு குளிக்கப் போன ரோச்சின் பாதத்தில் திருக்கை மீனின் விஷ முள் ஏறிவிட்டது. வள்ளத்தில் கிடந்து துடிக்கிறான். கரைக்கு இன்னும் ஒரு மணி நேரம். வீட்டில் மனைவி மெட்டில்டாவுக்கு இன்றோ நாளையோ பிரசவம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தலைப்பிள்ளை. பிறந்ததும் கரைக் கம்பத்தில் சிவப்புச் சேலை கட்டுவதாக மாமியார் சொல்லியிருந்தாள்.

"மச்சான், அங்கன பாரு! கம்பத்துல செவப்பு தெரியுது. பொறந்துட்டுலே!" என்றான் பவுல், மெட்டில்டாவின் அண்ணன்.

"நெசமாவா?"

"கயிறு பிடிக்கவன் பொய் சொல்லுவானா?"

குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது வழக்கம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான். ஒன்பது வருஷமாக அந்தக் கையை நம்பி மூச்சடக்கியவன் ரோச். இதையும் நம்பினான். சிரித்தான். தொடை வரை ஏறியிருந்த வலி கணுக்காலுக்கு இறங்கியது.

3

அங்கே சிவப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பவுல் புளுகினான். [எனக்கும் அதே தொழில்தான்.] ஆனால் வலி குறைந்தது மெய். அந்தத் துளிச் சதை சாட்சி கேட்பதில்லை.

4

கரை நெருங்கியது. கம்பம் மொட்டையாக நின்றது.

"ஏலே பவுலு, எங்கலே சேலை?"

பவுல் குனிந்து கயிற்றைப் பார்த்தான். ரோச்சின் கால் மறுபடி எரியத் தொடங்கியது.

ஒரே வரியில் நானே சேலையைக் கட்டிவிடலாம். எழுதியும் பார்த்தேன்: 'திடீரென்று காற்றில் சிவப்பாக—' சீ. பவுலின் பொய்யைவிட மட்டம்.

அப்போதுதான் மாமியார் மணலில் வந்தாள். கையில் சுருட்டிய சிவப்புச் சேலை. அது வீறிட்டு அழுதது.

"கம்புல கட்டத்தான் எடுத்தேன் மருமவனே. பிள்ளைய சுத்த இதுதான் கையில ஆப்புட்டு. மாதா குடுத்துட்டா, பொட்டப்பிள்ள! தாயும் சொகமா இருக்கா!"

ரோச் வள்ளத்திலிருந்து குதித்தான், அந்தக் காலாலேயே.

5

வலியின் கதவு எந்நேரமும் சாத்தியே இருக்காதாம். உட்கார்ந்தால் வலி வந்துவிடும். திருக்கை விஷத்துக்குக் கால் முக்கச் சுடுதண்ணீர் வாளியும் முக்காலியுமாகப் பவுல் நிற்கிறான். ரோச்சை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் வேண்டுமானால் வையுங்கள். பிள்ளையை மட்டும் அவன் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.