பாதி உதட்டில் ஒரு விசில்

என் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. அவள் விசில் ஊதினால் மைதானத்துப் பிள்ளைகள் மட்டுமல்ல, வெளியே சைக்கிளில் போகிறவனும் பிரேக் பிடிப்பான். ஒருநாள் காலையில் எழுந்தபோது அவள் முகத்தின் இடது பாதி அசையவில்லை. குடித்த தண்ணீர் உதட்டோரம் வழிந்தது. விசிலை வாயில் வைத்தால் காற்று அந்த ஓரமாகத் தப்பிப் போய், வெறும் ‘புஸ்’.

நரம்பில் வீக்கம் என்றார் டாக்டர். கண்ணாடி முன் நின்று புருவம் தூக்க வேண்டும், உதடு குவிக்க வேண்டும், கன்னம் உப்ப வேண்டும், தினமும். தலைமை ஆசிரியையோ, “கோடை லீவு முடிஞ்சும் ஊத முடியலன்னா நீங்க லைப்ரரியில உக்காந்துக்கலாம்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். இவளுக்கு அது ஜெயில்.

நான் சும்மா இருப்பேனா? பீரோ கண்ணாடி முன் நானும் நின்றேன், மகளையும் நிறுத்தினேன். மூன்று பேரும் குரங்குச் சேட்டை செய்தோம். ஆனால் நான் ஆரம்பசூரன். கீழே என் ஃபேன் ரிப்பேர் கடையில் பாதி பிரித்துப் போட்ட ஃபேன்கள்தான் அதிகம். சில வாரத்தில் மெல்லக் கழன்றுகொண்டேன். மகளும் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

முகம் அசைகிற வழியாக இல்லை. அவளுக்கும் ஆசை விட்டுப்போனது. காலையில் கண்ணாடியைப் பார்த்ததுமே எரிந்து விழுவாள். ஆனாலும் போய் நிற்பாள்.

“பிடிக்கலன்னா ஒரு நாள் விடேன்.”

“பல்லு தேய்க்க நீங்க ஆசையாவா எந்திரிக்கிறீங்க?”

“வராமலே போயிட்டா?”

“போனா போகுது. வர்றதும் வராததும் முகத்தோட பாடு. செய்யறது என் வேலை.”

சொல்லிவிட்டு உதட்டைக் குவித்தாள். ஒரு பக்கம் குவிந்தது, மறுபக்கம் தூங்கியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷமாக இவளுக்குக் கோபம் அதிகம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

பள்ளி திறக்கப் போகிற வாரம். கடையில் ஒரு ஃபேனைக் குடைந்துகொண்டிருந்தேன். மாடியிலிருந்து விசில், நீளமாக, காதைத் துளைக்கிற மாதிரி. என் ஸ்குரூடிரைவர் கீழே விழுந்தது. நான் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டேன். ரிப்பேருக்குக் கொடுத்த ஃபேனைத் திரும்ப வாங்க வந்திருந்த பெரியவரும் எழுந்துவிட்டார்.

அழுதுகொண்டிருப்பாள், ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று படியேறி ஓடினேன்.

விசில் ஆணியில் தொங்கியது. அவள் கண்ணாடி முன் கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தாள். இடது கன்னம் இன்னும் பாதிதான் எழுந்தது. கண்ணோரம் ஈரம்.

“ஊதிட்டியே! இன்னைக்காவது விடக் கூடாதா?”

“உதடு முடிஞ்சுது. கன்னம் பாக்கி இருக்கு.”

மலைத்துப்போய், நானும் அவள் பக்கத்தில் நின்று கன்னத்தை உப்பினேன்.

“தள்ளி நில்லுங்க,” என்றாள். “கண்ணாடிய மறைக்கிறீங்க.”