இரண்டு வாய் ரொட்டி

பாப்பா சமையலறைக் கதவைக் குதிகாலால் தள்ளிச் சாத்தினாள். இரண்டு கையிலும் தட்டு. அம்மா குனிந்து, கதவுக்கு அடியில் இருந்த சந்தில் பழைய துண்டு ஒன்றைச் செருகினாள். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டாள். வெங்காயம் வதங்கிய வாசனை கூடத்துப் பக்கம் போய்விடக் கூடாது. இரண்டு பேரும் மேடையோரம் நின்றபடி, கரண்டிச் சத்தம் வராமல் சாப்பிடத் தொடங்கினார்கள்.

நாற்பதைத் தாண்டியும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அப்பாவுக்கு முடியவில்லை என்று லீவு போட்டுவிட்டு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கூடத்தில் கட்டிலைப் போட்டு அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். முந்தாநாளிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவதோடு சரி. இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் வந்த நர்ஸ் பாப்பாவை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனாள்.

திருடித் தின்கிறவர்கள் மாதிரி இப்படி நின்று சாப்பிடுவது நோயால் வந்த பழக்கம் இல்லை. பாப்பாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். அப்பா லைட் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன். அந்தப் பிரிவில் எண்பது கிலோவைத் தொடக்கூடாது. அவருடைய எலும்புக்கே அந்தக் கணக்கு பத்தாது. சண்டைக்கு முந்தைய வாரங்களில் உப்பு கிடையாது, கடைசி நாட்களில் தண்ணீரும் கிடையாது. பட்டினி கிடக்கிற மனிதர் முன்னால் தட்டை வைத்துக்கொண்டு யார் உட்காருவது? அதனால் கதவு சாத்தப்பட்டது. அவர் சண்டையை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும் அதைத் திறந்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய தட்டு மட்டும் கூடத்து மேஜைக்குப் போகும். அங்கே அவர் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

கல்யாணமாகிப் போன வீட்டிலும் பாப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஒதுங்கினாள். எவ்வளவு அடக்கமான பெண் என்று மாமியார் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள். வீட்டுக்காரனுக்குத்தான் விஷயம் பிடிபட ஒரு வருஷம் பிடித்தது. உங்கப்பா ஜெயித்த பெல்ட்டைவிட இதுதான் உன்னைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்று கேலி செய்வான். கடையிலும் ஃப்ரேம் பெட்டிகள் அடுக்கிய அறைக்குள் போய்த்தான் டிபன் பாக்ஸைத் திறப்பாள். கூட வேலை பார்ப்பவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டார்கள். தலைக்கனம் பிடித்தவள் என்ற பேர்தான் மிச்சம்.

காலையில் குத்துச்சண்டைச் சங்கத்துச் செயலாளர் வந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான், ஆனால் கட்டிலில் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இருந்தார், செய்தார்' என்று பேசினார். இடது கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எதிராளியைக் கிட்டே வரவழைத்து அடிக்கிற பையன்கள் இன்றைக்கும் ஊர் ஊராக இருக்கிறார்கள், அத்தனை பேரும் அவர் பிள்ளைகள்தான் என்றார். பெல்ட்டையும் கையுறையையும் வைக்கக் கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லியிருக்கிறாராம். "அவர் விட்டுட்டுப் போறது சின்ன விஷயம் இல்லம்மா," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். வாசலில் நின்று அவர் குடித்த டீ கிளாஸை, அப்பாவின் கண்ணில் படாமல் உள்ளங்கையால் மறைத்து உள்ளே கொண்டுவந்தாள்.

கட்டில் கம்பியில் தட்டுகிற சத்தம் கேட்டது. குரல் எழும்பாமல் போனதிலிருந்து அப்பா மோதிரத்தால்தான் கூப்பிடுவார். பாப்பா வாயைக் கொப்பளித்து, உதட்டைத் துடைத்து, துண்டை விலக்கிக் கதவைத் திறந்து போனாள்.

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். "சாப்பிட்டியா?" என்று கிசுகிசுத்தார்.

அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது. இப்போதுதான் என்று பாப்பா முணுமுணுத்தாள். அம்மா சாப்பிட்டாளா என்று அடுத்துக் கேட்டார். இன்னும் முடிக்கவில்லை என்றாள்.

"அவளை இங்க வந்து சாப்பிடச் சொல்லு. நான் பார்க்கணும்."

அம்மா வரமாட்டாள் என்று பாப்பாவுக்குத் தெரியும். காரணமும் தெரியும். அவள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது நடந்தது. முதல் தடவை பட்டம் ஜெயித்த அப்பா, அதைக் காப்பாற்றிக்கொள்ளும் சண்டைக்காக அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளியூர் ஹோட்டலில் தங்கியிருந்தார். விடிந்தால் எடை பார்ப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பசி பொறுக்கவில்லை. ரொட்டியும் முட்டையும் வரவழைத்துச் சாப்பிட்டாள். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தார், அவள் இரண்டு வாய் ஊட்டிவிட்டாள். மறுநாள் தராசில் கொஞ்சம் கூடுதல். ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்தார், கட்டியிருந்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டு ஏறிப் பார்த்தார், முள் இறங்கவில்லை. மேடையில் ஒருத்தனாலும் பறிக்க முடியாத பட்டம் தராசிலேயே போனது. "ஒரு தட்டு ரொட்டியில பட்டத்தையே தின்னுட்டியேம்மா," என்று மேனேஜர் அத்தனை பேர் முன்னால் அம்மாவைக் கேட்டார். இரண்டு வருஷம் கழித்து அப்பா பட்டத்தைத் திரும்ப ஜெயித்தார், அப்புறம் அவர் விடும்வரை யாரும் அதைத் தொடவில்லை. ஆனால் அம்மா அன்றைக்குச் சாத்திய கதவு சாத்தியதுதான்.

"அம்மா வரமாட்டாங்கப்பா. உங்களுக்கே தெரியும்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அவள் போர்வையைச் சரிசெய்தபோது பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"முள்ளு ஏறும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தின்னேன்."

"எதுக்குப்பா?"

"அவ தனியா உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. பார்க்க ஒரு மாதிரியா இருந்துச்சு."

பாப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மேனேஜர் திட்டினபோதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். பக்கத்தில்தான் நின்றேன், வாய் வரவில்லை என்றார். அப்புறம் சொல்ல வெட்கமாக இருந்ததாம். வெட்கம் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போயிற்றாம். எவ்வளவு பெரிய அடிக்கும் ஓரடி பின்வாங்காதவர் என்று அவரைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. பாப்பாவுக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்த ஒட்டிய கன்னத்தைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை.

சமையலறையில் அம்மா தட்டைக் கழுவப்போட்டுவிட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அம்மா துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள்.

"நாப்பது வருஷம்," என்றாள். "இதைச் சொல்றதுக்கு நாப்பது வருஷமா ஒரு நாள் கிடைக்கலையா இந்த மனுஷனுக்கு?"

அம்மா கழுவப்போட்ட தட்டையே எடுத்து அலம்பினாள். ரொட்டித் துண்டுகளை வெண்ணெய் விட்டு வாட்டினாள். முட்டையை உடைத்து ஊற்றி, வெங்காயத்தை அள்ளிப் போட்டு, உப்பு ஜாடியைத் திறந்து தாராளமாகத் தூவினாள். புகை எழும்பியது. கதவு பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. அதை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

தட்டோடு விறுவிறுவென்று கூடத்துக்குப் போனவள், கட்டில் பக்கம் வந்ததும் தயங்கினாள். கட்டியவர் முன்னால் உடை மாற்றக் கூசுகிற புதுப்பெண் மாதிரி நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்து, அவருக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க மூஞ்சியைப் பார்க்க மாட்டேன்," என்றாள் சுவரைப் பார்த்து. "பார்க்கணும்னா பார்த்துக்குங்க."

முதல் வாயை மென்று முடிக்க வெகுநேரம் ஆனது. பாப்பா சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். அப்பாவின் கண் அம்மாவின் பின்கழுத்தில், காதுக்குக் கீழே தாடை அசைகிற இடத்தில் இருந்தது. உதடு லேசாகப் பிரிந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று பாப்பா காத்திருந்தாள்.

அம்மா பேச ஆரம்பித்தாள். உங்களுக்கு ஆகாது என்று வீட்டுக்கே உப்பில்லாமல் பொங்கி என் நாக்குச் செத்துப்போயிற்று என்றாள். அந்த மேனேஜர் செத்தபோது மாலையை வாங்கிக் கொடுத்தவள் நான்தான், தெரியுமா என்றாள். ஹோட்டலில் தந்த ரொட்டி கருகிப்போயிருந்தது, அதைப் போய் இரண்டு வாய் தின்றீர்களே, ருசி தெரியாத மனுஷன் என்றாள். திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். வாய்க்கு வாய் வேகம் கூடியது. கரண்டி தட்டில் கணீர் கணீரென்று பட்டது. அந்த வீட்டில் அந்தச் சத்தத்தைப் பாப்பா கேட்டதே இல்லை.

போர்வை ஏறி இறங்குவதைப் பாப்பா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை இறங்கியது. மறுபடி ஏறுவதற்காகக் காத்திருந்தாள். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் போர்வை ஏறவில்லை. அப்பாவின் கண் திறந்தபடி, அம்மாவின் கழுத்துப் பக்கமே இருந்தது.

பாப்பா ஓரடி எடுத்து வைத்தாள். அம்மாவின் தட்டில் பாதி ரொட்டி மிச்சம் இருந்தது. எடுத்த காலைப் பின்னுக்கு வைத்துக்கொண்டாள். அந்தக் கூடத்தில் மூன்று பேர் இருந்தும், நடந்தது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பிறந்ததிலிருந்து அவ்வளவு தனியாக அவள் இருந்ததில்லை.

"பாப்பா," என்றாள் அம்மா, திரும்பாமல். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டாள். "பார்க்குறாரா?"

"பார்க்குறார்மா. நீ சாப்பிடு."

அம்மா நாற்காலியைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்திப் போட்டுக்கொண்டாள், அவருக்குக் கன்னம் தெரிகிற மாதிரி. கட்டிலின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. தட்டில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டாள்.

"இன்னொரு ரொட்டி வாட்டிக்கிட்டு வா," என்றாள்.

பாப்பா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தீயைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். பிறகு ரொட்டியைக் கல்லில் போட்டாள்.