கிரேன்காரரின் பச்சைக்காய் விரதம்

மூன்று வாரத்தில் ஐந்து கிலோ குறைய வேண்டும். குறையாவிட்டால் கஜபதி கிரேனை விட்டு இறங்க வேண்டியதுதான்.

வருடாந்திரச் சோதனையில் டாக்டரம்மா அப்படித்தான் சொல்லிவிட்டார். எடை எண்பத்தாறு. ரத்தக்கொதிப்பும் கூடுதல். "மூணு வாரம் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் கஜபதி. அஞ்சு கிலோ குறையணும், பிரஷரும் இறங்கணும். இல்லன்னா மேல ஏற நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஸ்டோர்ஸ்ல ஒரு நாற்காலி போட்டுத் தரச் சொல்றேன்."

நாற்காலி என்று பார்த்தால் மேலேயும் நாற்காலிதான். ஆனால் அது தரையிலிருந்து முப்பத்தைந்து அடி உயரத்தில், கூரைக்குக் கீழே, ஒரு இரும்புக் கூண்டுக்குள் இருந்தது. ஆவடி ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷமாகக் கஜபதி அங்கே உட்கார்ந்து ஒன்பது டன் இரும்பைத் தூக்கி, நகக்கண் அகலம் பிசகாமல் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து ஆணி எண்ணுகிற ஆளா அவர்?

அவருக்கு ஜாடை காட்டுகிறவன் பாடியிலிருந்து சைக்கிளில் வரும் பால்ராஜ். கீழே நின்று பாரத்துக்கு வழி சொல்வது அவன் வேலை. பாரம் இறங்கும் இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டான். மேலேயிருந்து பார்த்தால் பால்ராஜ் என்பது ஒரு வழுக்கைத் தலை, அந்தத் தலைக்கு மேலே தூக்கிய ஒரு வலது கை, அவ்வளவுதான். அந்தக் கை பேசும். கஜபதி கேட்பார். பத்தொன்பது வருஷத்தில் அவன் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

சரி, எடைக்கு வருவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை கரையான்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இயற்கை உணவுக் கூட்டம் நடந்தது. கஜபதி போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். "அடுப்பில் ஏறாததே உணவு" என்று பேச்சாளர் அடித்துச் சொன்னதும் இவருக்குப் புல்லரித்துவிட்டது. எதை எப்படிச் சாப்பிடுவது என்று மதியத்துக்கு மேல் விளக்கம் உண்டு என்றார்கள். அதற்கு யார் இருந்தார்கள்? கள்ளிக்குப்பத்தில் மைத்துனர் வீட்டில் கிடா வெட்டு. கடைசியாக ஒருமுறை என்று சொல்லிக்கொண்டு மனிதர் பாதிக் கூட்டத்திலேயே எழுந்து பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் அவர் தட்டில் இருந்தவை: பச்சை முட்டைக்கோஸ் பாதி, முள்ளங்கி இரண்டு, முளைகட்டிய பயறு ஒரு கிண்ணம், கொய்யாப்பழம் அரைக் கிலோ. மதியத்துக்கும் அதுவேதான் டப்பாவில். லோகநாயகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"நாப்பத்தேழு வருசமா சோறு துன்ன வயிறுங்க அது. திடுக்னு மாத்துறதுக்கு முன்னாடி அதாண்ட ஒரு வார்த்த சொல்ல வாணாவா?"

"உனுக்கு இன்னா தெரியும்? அடுப்புல ஏறாததுதான் சாப்பாடு."

"அப்ப அடுப்ப தூக்கி வெளிய போட்டுடட்டா?"

கஜபதியின் வாய் நிறைய முள்ளங்கி இருந்தது.

மூன்றாம் நாளே வயிறு தன் பேச்சைத் தொடங்கியது. முதலில் கடமுடா. அப்புறம் உப்புசம். பெல்ட்டில் இரண்டு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருந்தது, இளைக்கப் போன மனிதருக்கு! வியாழக்கிழமை முதல் காலைக்கடன் நின்றுபோனது. உள்ளே போனது எதுவும் வெளியே வருவதாக இல்லை, காற்றைத் தவிர. அதுவும் நேரம் காலம் பார்க்காமல் வந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டு இவரை ஒரு பார்வை பார்த்தார். கஜபதியும் எவனோ செய்தது போல முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

ஃபேக்டரி டிஸ்பென்சரிக்குப் போகலாம்தான். ஆனால் அங்கே இருப்பது அதே டாக்டரம்மா. வயிறு சரியில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அது அவர் மேஜைக்குத்தானே போகும்? வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை ஆவடி ஸ்டேஷனில் எடை இயந்திரத்தில் ஏறினார். சக்கரம் சுழன்றது, விளக்குகள் மினுக்கின, அட்டை விழுந்தது. எண்பத்து மூன்று. அட்டையின் பின்பக்கம் 'உங்கள் பொறுமைக்குப் பலன் கிட்டும்' என்று அச்சடித்திருந்தது. கஜபதி அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். இன்னும் இரண்டே கிலோ. வயிறு கத்தினால் கத்தட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். கிரேன்காரர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. யாரும் சட்டம் போடவில்லை, அவர்களாக வைத்துக்கொண்டது. காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு சரி, மதியச் சங்கு ஊதும்வரை தண்ணீர் தொட மாட்டார்கள். குடித்தால் இறங்க வேண்டும். இறங்கினால் கீழே நாற்பது பேர் கைகட்டி நிற்பார்கள், பாரம் பாதியில் தொங்கும். மதியமும் இரண்டு மடக்குதான், மறுபடி ஏற வேண்டுமே. 'கஜபதி ஏறினா சங்கு ஊதுறப்போதான் இறங்குவாரு' என்று சொல்வார்கள். அந்தப் பேரைக் காப்பாற்ற அவர் நாக்கு வறண்டு கிடந்தது பத்தொன்பது வருஷம். சோறும் சாம்பாரும் ரசமும் உள்ளே போனவரை உடம்பு எப்படியோ சமாளித்தது. இப்போது போவது நாரும் சக்கையும். தண்ணீர் மட்டும் பழைய கணக்குத்தான்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை பத்தரை மணி. கொக்கியில் ஒன்பது டன் இரும்பு வார்ப்பு தொங்குகிறது. கீழே அதை உட்கார வைக்கும் பீடத்தின் ஓரத்தில் பால்ராஜ் குனிந்து நிற்கிறான். வலது கை தலைக்கு மேலே, விரல்கள் மெதுவாக மடங்கி விரிகின்றன: இறக்கு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

அடிவயிற்றில் ஒரு முறுக்கு. துணி பிழிவது போலப் பிழிந்தது. கஜபதிக்குக் கண் இருட்டியது, நெற்றியில் வேர்வை கொட்டியது. கைப்பிடியில் இருந்த கை தன் கையாகவே இல்லை. அது ஒரு விரற்கடை கூடுதலாக அசைந்தால் போதும். கீழே வழுக்கைத் தலை மின்னிக்கொண்டிருந்தது.

ஐயோ, முருகா!

பல்லைக் கடித்துக்கொண்டு மணியை அடித்தார். பாரத்தை நிறுத்தினார், தூக்கினார், பக்கவாட்டில் ஓட்டினார், ஆளில்லாத மூலையில் தரையில் வைத்தார். பால்ராஜின் கை 'இறக்கு' என்றிருக்க இவர் தூக்கிக்கொண்டு போனது அதுதான் முதல்முறை. பால்ராஜ் தலையைத் தூக்கினான். மேலேயிருந்து முதல்முறையாக அவன் முகத்தைக் கஜபதி பார்த்தார். வாய் திறந்திருந்தது. வயசாகிவிட்டிருந்தது அவனுக்கு.

பால்ராஜ் ஏணியில் ஏறி வந்தபோது கஜபதி கூண்டின் தரையில் சுருண்டு கிடந்தார்.

"இன்னா மாமே ஆச்சு? நெஞ்சா?"

"வயிறு மச்சான். ஒரு வாரமா ஒண்ணும் சரியில்ல. யாராண்டயும் சொல்லாத. ரெண்டே கிலோதான் பாக்கி. சொன்னா என்ன இறக்கிடுவாங்க."

பால்ராஜ் சட்டைக் கையால் அவர் முகத்தைத் துடைத்தான்.

"நான் சொல்ல மாட்டேன் மாமே. எனுக்கு இன்னாத்துக்கு? சொல்றதுன்னா நீ சொல்லு." ஏணிக்குத் திரும்பியவன் நின்றான். "கீழ நின்னுகினு இருந்தது நானு. அத்த மட்டும் நெனச்சுக்கோ."

அதற்கு மேல் என்ன திட்ட வேண்டும்? கஜபதி ஏணியில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே டிஸ்பென்சரிக்கு நடந்தார்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். கஜபதி சொன்னார். பேனா நின்றுவிட்டது.

"ஒரு மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டுத் தண்ணி காட்டாம விடுவீங்களா? உள்ள போனதெல்லாம் காஞ்சு அடைச்சுக்கிட்டு நிக்குது. காயும் பழமும் நல்லதுதாங்க. ஆனா குடலுக்குப் பழக நாள் வேணும். வேகவெச்சு, கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். தண்ணி நிறைய குடிக்கணும். யாரும் சொல்லலையா?"

சொல்லியிருப்பார்கள், மதியத்துக்கு மேல். கஜபதி தலையைக் குனிந்துகொண்டார்.

"இதைச் சொல்லாம இன்னும் பத்து நாள் ஏறியிருந்தா?"

அங்கேதான் அவர் கெஞ்சுவதற்காக வாயைத் திறந்தார். பத்தொன்பது வருஷ சர்வீஸ், ஒரு தப்புத்தண்டா இல்லை, எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே திறந்த வாயோடு அண்ணாந்த அந்த முகமும் வந்தது.

"இன்னிக்கே ஒரு ஆளு போயிருப்பான் மேடம்," என்றார். "என்ன இறக்கிடுங்க. ஸ்டோர்ஸ் மட்டும் வாணாம். கீழ பால்ராஜாண்டயே நிக்கிறேன்."

மூன்று மாதம் கிரேன் ஏறக் கூடாது என்று எழுதினார் டாக்டரம்மா. அப்புறம் பார்க்கலாம் என்றார்.

குவார்ட்டர்ஸுக்கு வந்து லோகநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கிரேன் போனதை அவள் கேட்டுக்கொண்டாள். தண்ணீர்க் கதையில்தான் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப தெனம் குடுத்தனுப்புன மோரு?"

"பால்ராஜ் குடிப்பான்."

"பத்தொம்போது வருசமா? இஞ்சி தட்டிப் போட்டு, கறேப்பில கிள்ளிப் போட்டு... அந்த ஆளுக்கா?" சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். பிறகு அழுதுவிட்டாள். "நாக்கு காஞ்சு மேல உக்காந்துகினு இருந்தீங்க. எனுக்குத் தெரியவே இல்லியே." சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும்வரை நகரவில்லை. அன்று ராத்திரி குழைந்த சாதத்தில் மோர் ஊற்றி, வேகவைத்த புடலங்காய் இரண்டு கரண்டி வைத்தாள். தட்டு காலியானதும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை கஜபதி கீழே நின்றார். மேலே கூண்டில் ஆனந்தன். அவனும் வேலை தெரிந்தவன்தான், பக்கத்துக் கூடத்தில் பன்னிரண்டு வருஷம் ஓட்டினவன். ஒன்பது டன் வார்ப்பு தலைக்கு மேலே மிதந்து வந்ததும் கஜபதி இரண்டடி பின்னால் நகர்ந்தார். இத்தனை பெரிசா இது? மேலேயிருந்து பார்த்தபோது ஒரு தட்டு மாதிரிதானே இருந்தது?

பால்ராஜ் கையைத் தூக்கினான். இறக்கு, இன்னும் கொஞ்சம். பாரத்தைப் பார்த்தான், உடனே அண்ணாந்து கூண்டைப் பார்த்தான். மறுபடி பாரத்தை, மறுபடி கூண்டை. பாரம் பீடத்தில் உட்கார்ந்தபோது பிடரியைத் தேய்த்துக்கொண்டான்.

"இன்னா மச்சான், கழுத்து வலியா?" என்றார் கஜபதி. "சும்மா சும்மா மேலயே பாத்துகினு கீற? எப்பவும் பாக்க மாட்டியே?"

பால்ராஜ் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே, இது கூடவா தெரியாது என்பது போல அவரைப் பார்த்தான்.

"இப்போ மேல நீயா மாமே கீற?"

கஜபதி மோர் பாட்டிலைத் திறந்து பாதி குடித்தார். மீதியை அவனிடம் நீட்டினார்.